சாம்பிள் பார்த்த சிரிப்பு

மாமா,

ஆமத்தூர்ப் பெருமக்கள் அனைவரும் எழுந்து நின்று கேட்க வேண்டிய முக்கிய அறிவிப்பு. உங்கள் வீட்டு முன்னறை நாற்காலிகளில் கடைசியாக மிஞ்சியிருந்த ஒரே ஒரு ரப்பர் புஷ், காபி நேரத்துக்குச் சற்று முன்பாகக் கழன்று, உருண்டு, கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. இத்தனை காலம் நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தவர், இன்று காலை காலை வாரிவிட்டார். ஒரு நிமிடம் மௌனம் கடைப்பிடிக்கலாம் என்றால் நாற்காலி விடவில்லை. அத்தை அதை லேசாக இழுத்ததற்கே தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி கிறீச்சென்று கத்தியது. அடக்கிவைத்த கத்தல் நிறைய இருக்கும்போல.

நான் கட்டிலுக்கு அடியில் நுழைந்து அந்தக் கறுப்புக் குப்பியை எடுத்தேன். முகர்ந்து பார்த்தால் பழைய சைக்கிள் ட்யூப் வாசனை. அது மூக்கில் ஏறியதும் உங்கள் வீடு ஊமையாகக் கிடந்த மாதங்கள் ஞாபகம் வந்துவிட்டன. உடனே உங்களுக்கு எழுத வேண்டும்போல இருந்தது. நீங்கள் இப்போது இருக்கும் இடத்துக்குத் தபால் போகாது என்பது எனக்கும் தெரியும். நீங்கள் இருந்த காலத்திலேயே நான் சொன்னது எதையும் நீங்கள் காதில் வாங்கியதில்லை என்பதால் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை.

அம்மாவின் கூடப்பிறந்த தம்பி நீங்கள். மருமகன் தாய்மாமனைக் கிண்டல் செய்யலாம் என்பது நம்ம பக்கத்தில் எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தை என் அளவுக்கு முழுசாகப் பயன்படுத்தியவன் இந்த மாவட்டத்தில் இருக்க முடியாது. பட்டாசுப் பெட்டியில் ஒட்டுகிற லேபிள் ஒன்றை, ‘பெரியவர்கள் முன்னிலையில் மட்டும் கொளுத்தவும்’ என்று போட்டிருக்குமே அதை, உங்கள் சட்டையின் முதுகில் ஒட்டி அனுப்பினேன். நீங்கள் அதோடு பஸ் ஏறி, சிவகாசி போய், கம்பெனி வாசலில் எல்லோருக்கும் வணக்கம் வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறீர்கள். சாயங்காலம் வந்து அந்த லேபிளைக் கசங்காமல் என் நெற்றியில் ஒட்டினீர்கள். “இது இருக்க வேண்டிய எடம் இதுதாம்லே” என்றீர்கள். திட்டக்கூட இல்லை.

நீங்கள் எங்கே திட்டினீர்கள்? பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். பெயரில்தான் போர், ஆள் வெள்ளைக்கொடி. நீங்கள் நடந்தால் தரைக்கே தெரியாது. ஒரு சாமானை நீங்கள் இழுத்து நான் பார்த்ததில்லை, தூக்கித்தான் வைப்பீர்கள். மருந்து கலக்கிற அறையில் வேலை பார்த்துப் பார்த்து உடம்பில் ஏறிப்போன பழக்கம் அது. அங்கே கீழே ரப்பர் விரிப்பு. இரும்புக் கருவி கிடையாது, மரமும் பித்தளையும்தான். நூல்சேலை, நூல்சட்டை. நாலு பேருக்கு மேல் ஓர் அறையில் உட்காரக் கூடாது. உள்ளே போகும் முன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும், உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். கதவுகள் வெளிப்பக்கமாகத் திறந்தே கிடக்கும், ஓடுவதற்கு. ஓர் உராய்வு போதும், அறையே இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் உங்கள் ஆட்கள் ஒருவருடைய தலைமுடிகூடக் கருகாமல் இத்தனை வருடம் வேலை வாங்கியவர் நீங்கள்.

அவ்வளவு கவனமாக இருந்தவரை, வெளியே இருந்த எதுவும் ஒன்றும் செய்யவில்லை. உள்ளே இருந்தது மக்கர் பண்ணியது. சீசன் நேரம். லோடு ஏறிக்கொண்டிருக்கும்போது இடது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். மதுரைக்குக் கொண்டு போனார்கள். நெஞ்செலும்பைத் திறந்து, காலில் இருந்து ரத்தக்குழாயை எடுத்து இதயத்தில் ஒட்டவைத்து, எலும்பைக் கம்பியால் கட்டித் தைத்து அனுப்பினார்கள். விருதுநகருக்குப் பைபாஸ் ரோடு போட்டபோது ஊருக்குள் பஸ் வருவதுதான் குறைந்தது. உங்களுக்குப் பைபாஸ் போட்டபிறகு வீட்டுக்குள் சத்தம் வருவதே நின்றுபோனது.

நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. உங்களைப் பார்க்க ஓடி வந்தேன். வாசலிலேயே அத்தை நிறுத்திவிட்டார். உள்ளே ஏற்கெனவே நாலு பேர் இருக்கிறார்கள் என்றார். எனக்குப் புரியவில்லை. பிறகுதான் பார்த்தேன். நாற்காலிக் கால்களுக்கெல்லாம் ரப்பர் புஷ் மாட்டியிருந்தது. அடுப்படியில் இரும்புக் கரண்டி போய் அகப்பை வந்திருந்தது. அத்தையின் பாலியெஸ்டர் சேலைகள் எல்லாம் பரண் ஏறிவிட்டன. முன்கதவும் பின்கதவும் ராத்திரிபகல் திறந்தே கிடந்தன. உங்களைப் பார்க்க வந்தவர்கள் வாசலில் இருந்த ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு, செருப்பைக் கையால் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, பூனை மாதிரி உள்ளே போனார்கள்.

வேறு ஊராக இருந்தால் இந்தக் கூத்தைப் பார்த்து ஒருவராவது சிரித்திருப்பார். நம்ம தெருவில் பாதிப் பேர் அந்த அறைகளில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள். ஜாக்கிரதை என்றால் அவர்களுக்குத் தெரிந்தது இதுதான். யாரும் யாரிடமும் கேட்கவில்லை, யாரும் கட்டளை போடவில்லை. உங்கள் விலா எலும்புக்குள் மருந்து கலக்கிற அறை ஒன்று இருப்பதாக நீங்கள் நினைத்தீர்கள். தெருவே சேர்ந்து அதை நம்பியது.

எனக்கு மட்டும் தனி உத்தரவு. அத்தை கேட்டைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார்.

“மருமவனே, நீ இப்போதைக்கு வராதய்யா. ஒன் மூஞ்சியப் பாத்தாலே அவுகளுக்குச் சிரிப்பு வந்துரும். தையல் தாங்காது.”

அதை நான் ஒரு சான்றிதழாகவே எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். என் ஜோக்குகளை வெடிபொருள் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், லைசென்ஸ் இல்லாமல் இனி வாயைத் திறக்க முடியாது என்று. பையன்கள் சிரித்தார்கள். நான் சாயங்காலம் உங்கள் வீட்டுப் பக்கவாட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

நீங்கள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். இருமல் வந்தால் நெஞ்சோடு அணைத்துக்கொள்ள என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த குட்டித் தலையணை மடியில் இருந்தது. தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தீர்கள். டிவி ஓடவில்லை, பேன் ஓடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் பிடிபட்டது. உங்கள் நெஞ்சையே கேட்டுக்கொண்டிருந்தீர்கள். திரி எரிகிற சத்தத்தைக் கேட்கிற மாதிரி.

அதற்குப் பிறகு நான் அந்த ஜன்னல் பக்கம் போகவில்லை.

எலும்பு கூடிவிட்டது என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். மாத்திரை சரியாகப் போய்க்கொண்டிருந்தது. நீங்கள்தான் கட்டிலை விட்டு வரவில்லை. நடக்கச் சொன்னால் வாசல் வரை வந்து திரும்பிவிடுவீர்கள். படுத்தால் தூக்கம் இல்லை. பிஸ்கட் விளம்பரத்தில் ஒரு சின்னப்பிள்ளை சிரித்ததற்குக் கண் கலங்கினீர்கள். அத்தை தம்ளரைக் கொஞ்சம் வேகமாக வைத்ததற்கு, ஜென்மத்தில் கத்தாத மனுஷன் கத்தினீர்கள். அப்புறம் கத்தியதற்காக நாள் முழுக்கப் பேசாமல் இருந்தீர்கள். கம்பெனியில் இருந்து வந்தவர்கள், உட்கார்ந்து பார்க்கிற வேலையாகத் தருகிறோம், எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார்கள். சுவரைப் பார்த்தபடி இருந்தீர்களாம். அன்றைக்கு அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னது எனக்கு அப்படியே காதில் இருக்கிறது.

“ஆளப் பொழைக்க வச்சுக் குடுத்துட்டாக மதினி. அவுக இன்னும் பொழைக்க ஆரம்பிக்கலயே.”

அந்த மாத செக்கப்புக்கு மதுரை போகும்போது, எக்ஸ்ரே கவரும் பையும் தூக்குவதற்கு ஆள் வேண்டும் என்று அம்மா என்னைச் சேர்த்துவிட்டாள். வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. நான் போகிற வழி முழுக்க உதட்டை மடித்துக்கொண்டு வந்தேன். எனக்குத்தான் ஆபரேஷன் என்று டிரைவர் நினைத்திருப்பார்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் பார்த்தார். நெஞ்சைத் தட்டினார். எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது, ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, நடக்கலாம், படி ஏறலாம், கொஞ்சம் கொஞ்சமாக வேலைக்கும் போகலாம் என்றார். நீங்கள் தலையை மட்டும் ஆட்டினீர்கள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு உங்களையே பார்த்தார்.

“உடம்பு எந்திரிச்சிருச்சு. மனசு இன்னும் ஆபரேஷன் டேபிள்லயே படுத்திருக்கு. இது உங்களுக்கு மட்டும் இல்ல, இந்த ஆபரேஷன் பண்ணுன நிறையப் பேருக்கு வர்றதுதான். வெக்கப்பட ஒன்னுமே இல்ல. இதுக்குன்னு தனியா டாக்டர் இருக்காங்க, நான் அனுப்புறேன். அதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லுங்க. எதுக்குப் பயப்படுறீங்க?”

நீங்கள் உங்கள் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். 

திரும்பி வரும்போதுதான் நம்ம சரித்திரத்தில் திருப்பம் வந்தது. அந்தக் கார்ப் பயணத்தை என்னால் மறக்க முடியாது. டிரைவரை நீங்கள் ஓட்டவிட்டால்தானே. குழியில் இறக்காதே, பிரேக்கைப் பட்டென்று பிடிக்காதே, ஹாரன் வேண்டாம். கார் போன வேகத்தில் சைக்கிள்காரர் ஒருவர் ஜன்னல் வழியாக உங்களைச் சுகம் விசாரித்துவிட்டு முந்திப் போனார். அப்புறம் டிராக்டர் முந்தியது. கடைசியாக எதிரே வந்து நம்மைத் தாண்டிப் பறந்தது, பின்பக்கம் சிவப்பு எழுத்தில் அபாயம் என்று போட்ட பட்டாசு லாரி. லோடு முழுக்க.

உதட்டை மடித்தது எல்லாம் அத்தோடு போயிற்று. மாமா, அம்புட்டு வெடியை முதுகில் கட்டிக்கொண்டு அவன் பறக்கிறான், நாம் எதை ஏற்றிக்கொண்டு இப்படி ஊர்கிறோம் என்று கேட்டுவிட்டேன். முன்சீட்டில் இருந்த அத்தை திரும்பி முறைத்தார். நீங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினீர்கள். டாக்டரம்மாவுக்குச் சொல்லாத பதிலை எனக்குச் சொன்னீர்கள்.

“அவன் ஏத்திருக்கது சாம்பிள் பாத்த சரக்குலே.” நெஞ்சில் கை வைத்தீர்கள். “இது திரி எரிஞ்சும் வெடிக்காமக் கெடக்க வெடி. எப்பங்குறது தெரியாது. அதுக்குக் கிட்ட யாரும் போகப்பிடாது, தொடப்பிடாது. அதாம் முறை.”

 அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் யோசித்தெல்லாம் சொல்லவில்லை மாமா. என் வாய்க்கு எப்போதுமே மூளையை விட ஸ்பீடு அதிகம். கம்பெனியில் ஒவ்வொரு சரக்கிலும் ஒன்றை எடுத்து, ஷெட்டுகளை விட்டு ரொம்பத் தள்ளி, பொட்டலில் வைத்துக் கொளுத்திப் பார்த்த பிறகுதானே லாரியில் ஏற்றுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

“அப்ப நீங்களும் ஒரு சாம்பிள் பாத்துருங்க மாமா. சாம்பிள் பாக்காத சரக்கு மேலதான சந்தேகம்.”

அத்தை என்னை அடிக்கக் கையை ஓங்கி, சத்தம் வருமே என்று நிறுத்திக்கொண்டார்.  விருதுநகர் போனது. மில் போனது. ஆமத்தூர் விலக்கில் கார் திரும்பும்போதுதான் வாயைத் திறந்தீர்கள்.

“எங்கன வச்சுப் பாக்கது?”

மாமா, அந்தக் குரல்! அது நோயாளியின் குரல் இல்லை. அது போர்மேன் குரல். மாதக்கணக்கில் காணாமல் போயிருந்த ஒரு ஆள் காரின் பின்சீட்டில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் உங்கள் ராஜ்ஜியம். மறுநாள் கருக்கலிலேயே எழுந்துவிட்டீர்களாம். வெயில் ஏறும் முன்னால் முடித்துவிட வேண்டும் என்றீர்கள். பருத்தி பிடுங்கிக் கிடந்த நம்ம கரிசல் காட்டில் சமதளமாக ஓர் இடம் பார்த்தீர்கள். மண்ணை அள்ளித் தூவிக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தீர்கள். சிரிப்புக்கும் காற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல். அத்தையிடம் மணல் வாளியைக் கொடுத்து, தூரத்தில் வேலிக்கருவை மரத்துக்குப் பின்னால் நிற்கச் சொன்னீர்கள். ஏதாவது ஆனால் மணலை எங்கே கொட்ட வேண்டும் என்று அத்தை கேட்டார். நீங்களும் கொஞ்ச நேரம் யோசித்தீர்கள். வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, வாளி இருக்கட்டும் என்றீர்கள்.

வாசல் வரைக்கும் நடக்க முடியாது என்று இருந்தவர், இத்தனை ஏற்பாட்டையும் காட்டின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தே செய்து முடித்துவிட்டீர்கள். உங்களுக்கே அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, நான் சொல்லவில்லை. சொன்னால் உட்கார்ந்துவிடுவீர்கள்.

கடைசியாக, வீட்டிலிருந்து கொண்டுவந்த நாற்காலியில் உட்கார்ந்து, தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டீர்கள். முதல் சாம்பிள், சிரிப்பு. கொளுத்துகிறவன் ஒருவன் மட்டும்தான் கிட்டே வர வேண்டும்.

“ஓடுறதுக்குப் பாதையப் பாத்து வச்சுக்கிட்டு வாலே” என்றீர்கள்.

நான் வந்தேன். உங்கள் பக்கத்தில் குனிந்தேன். சொன்னேன். அது என்ன ஜோக் என்று தெருவில் கேட்காத ஆள் இல்லை. இன்றுவரை எல்லோருக்கும் ஒரே பதில்தான்: தொழில் ரகசியம். நீங்கள் சிரித்தீர்கள். முதலில் தோள் மட்டும் குலுங்கியது. தலையணையை இறுக்கினீர்கள். முகம் கோணியது. அப்புறம் வந்தது பாருங்கள் சத்தம், வேலிக்கருவையில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. அத்தை மணல் வாளியோடு ஓடி வந்தார். வந்தவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாளி கை நழுவி அவர் காலிலேயே கொட்டியது. அதைப் பார்த்து நீங்கள் இன்னும் சிரித்தீர்கள். கண்ணில் தண்ணீர் வழிய, ஒரு கையால் நெஞ்சைத் தடவித் தடவிப் பார்த்தீர்கள்.

“வலிக்கா?” என்று அத்தை கேட்டார்.

“வலிக்கத்தான் செய்யிது. ஒன்னும் ஆகலயே.” நம்ப முடியாமல் இன்னொரு தரம் சொன்னீர்கள். “ஒன்னும் ஆகலயே.”

அதற்குப் பிறகு சாம்பிள் மேல் சாம்பிள். மொட்டைமாடிப் படி. டவுன் பஸ், அதுவும் கடைசி சீட். அத்தையோடு ஒரு முழுச் சண்டை. அதில் நீங்கள்தான் தோற்றீர்கள், ஆனால் நெஞ்சு பாஸ். இருமல், தும்மல், ஊறுகாய் இல்லாத சாப்பாடு. கடைசியாகச் சொன்னதில்தான் கிட்டத்தட்ட உயிர் போனது. எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று நான் புளுக மாட்டேன். சில காலைகளில் திரும்பவும் தலையைச் சாய்த்துத் திரிச் சத்தம் கேட்க உட்கார்ந்துவிடுவீர்கள். டாக்டரம்மா அனுப்பிய அந்த இன்னொரு டாக்டரிடமும் போய்வந்தீர்கள். மாத்திரையை விடப் பேச்சை அதிகமாகத் தருகிற டாக்டர். முதல் தடவை, பேசுவதற்கு எதற்கு மதுரை வரை போக வேண்டும் என்று முனகினீர்கள். நாலைந்து தடவைக்குப் பிறகு, போகும் முந்தின நாளே சட்டையைத் தேய்த்து மாட்டிவைத்தீர்கள்.

அந்த அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலை மறக்க முடியுமா? விருதுநகர் பொருட்காட்சியில் ராட்டினம் ஏற வேண்டும் என்று அடம் பிடித்தீர்கள். வாழ்க்கையில் ஏறியதே இல்லை, பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன் என்றீர்கள். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டால், பெரியது வேண்டாம், சின்னப் பிள்ளைகள் ஏறுகிற குதிரை ராட்டினம் என்றால் சரி என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஏறினீர்கள். ஒரு மரக்குதிரை மேல், முழங்கால் இரண்டும் தாடையைத் தொட, சுற்றிலும் பீப்பீ ஊதுகிற பொடிசுகள். ஒவ்வொரு சுற்றுக்கும் எங்களைத் தாண்டும்போது கை காட்டினீர்கள். ஆபரேஷனுக்கு முன்னால் நான் பார்த்த மாமாவுக்கு இந்தக் கை காட்டல் தெரியாது. அவர் சாமானைத் தூக்கி வைக்கிற மாதிரி வாழ்க்கையையும் தூக்கி ஓரமாக வைத்திருந்தவர். இவர் புது ஆள். எனக்கு இவரைத்தான் ரொம்பப் பிடித்தது.

கம்பெனிக்கும் போனீர்கள். வாசலில் உட்கார்ந்து உள்ளே போகிறவர்களின் பையைப் பார்க்கிற வேலை. போகிற வருகிற ஆள் எல்லோரையும் வம்பிழுக்கிறார் உன் மாமா, முன்பு வாயே திறக்க மாட்டாரே என்று அங்கே வேலை பார்க்கிற பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். தொற்று நோய்தான், என்னிடமிருந்து ஒட்டியது என்று பெருமையாகச் சொன்னேன்.

போன ஆவணியில் வந்த காய்ச்சல் உங்களைக் கொண்டு போய்விட்டது. அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டரம்மா. அவர் வெளியே வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, இதயம் கடைசிவரை நன்றாகத்தான் வேலை பார்த்தது என்றார். அத்தை அழுதுகொண்டே, “அது சாம்பிள் பாத்த சரக்கும்மா” என்றார். டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. உங்களை வழியனுப்பும்போது கம்பெனி ஆட்கள் போட்ட சரம் ரோடு நீளத்துக்கு வெடித்தது. நம்ம தெருவில் ஒருவரும் காதைப் பொத்தவில்லை.

சரி, அழுகை டிபார்ட்மெண்டை மூடிவிட்டு அடுத்த செய்திக்கு வருகிறேன். இதுதான் உண்மையான செய்தி, சூடான செய்தி. நேற்று விருதுநகரில் இருந்து அத்தைக்குப் போன். மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கிற பெரிய குடும்பம். அவர்கள் வீட்டுப் பெரியவருக்கும் இதே ஆபரேஷன் நடந்து, நன்றாகத் தேறிவிட்டார். ஆனால் மண்டிப் பக்கமே வர மாட்டேன் என்கிறாராம். மண்டிக்குள் கால் வைத்தால் வத்தல் நெடிக்குத் தும்மல் வரும். தும்மினால் நெஞ்சு பிளந்துவிடும் என்று வீட்டுக்குள்ளேயே மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சாம்பாரில்கூட வத்தல் போடக் கூடாதாம். வத்தல் முதலாளி வீட்டில்! ஆஸ்பத்திரி வரிசையில் யாரிடமோ அத்தை உங்கள் கதையைச் சொல்லியிருக்கிறார். அது சுற்றிச் சுற்றி அவர்கள் காதுக்குப் போயிருக்கிறது.

அத்தை போனில் பேசியதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். எங்க மருமகன் ஒருத்தன் இருக்கான், அவன் காதில் ஒரே ஒரு ஜோக் சொன்னான், எங்க வீட்டு ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டார், நாளை மறுநாள் காலையில் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அப்போதிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒருவனை இதய சிகிச்சைக்கு வெளியூரில் இருந்து அழைக்கிறார்கள் என்றால் சும்மாவா! வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ்கூடப் போட்டுவிட்டேன்.

இங்கேதான் மாமா கொஞ்சம் சின்ன எழுத்தாக எழுதுகிறேன், அத்தை பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கிறார்.

அன்றைக்கு ஜோக் எதுவும் இல்லை. உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் அது தெரியும். ராத்திரி பூரா மனப்பாடம் செய்து கொண்டுவந்தது எல்லாம் கிட்டே வந்ததும் நமத்துப்போனது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, தலையணையை இறுக்கிக்கொண்டு, “ம், பத்த வையி” என்றீர்கள். உங்கள் கழுத்தில் நரம்பு துடிப்பதைப் பார்த்தேன். அவ்வளவுதான்.  அப்படியே உட்கார்ந்து உங்கள் காலைக் கட்டிக்கொண்டு, வேண்டாம் மாமா, வீட்டுக்குப் போய்விடுவோம், செத்துப்போய்விடாதீர்கள், இனி நான் சிரிப்பே காட்ட மாட்டேன் என்று மூக்கொழுக அழுதேன். நீங்கள் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தீர்கள்.

“ஏலே, ஆபரேசன் எனக்கா ஒனக்கா?”

கேட்டுவிட்டு நீங்களேதான் சிரித்தீர்கள். மரத்துக்குப் பின்னால் நின்ற அத்தைக்கு, நான் குனிந்து காதில் ஏதோ சொல்கிற மாதிரிதான் தெரிந்திருக்கிறது. நீங்களும் கடைசிவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. யார் கேட்டாலும், எல்லாம் மருமகன் ஜோக்குத்தான் என்று என் முதுகில் தட்டினீர்கள்.

நாளைக் காலையில் அந்தப் பெரியவருக்கு முன்னால் நான் நிற்க வேண்டும். அவர் ஒரு தும்மல் போட்டு ஏதாவது ஆகிவிட்டால்? சொல்ல ஒரு ஜோக்கும் கையில் இல்லை. தேய்த்த சட்டையின் பையில் ஒரு கைக்குட்டை மட்டும் மடித்து வைத்திருக்கிறேன் மாமா. அது அவர் தும்மலுக்கு இல்லை.